சூப்பர்வைசருக்கும் க்யூ.சி.க்கும் தகராறு: பாதிக்குப் பாதி முடிக்கலாமா?

ஃப்ளோர் இன்சார்ஜ்:
பின்னலாடை யூனிட். ஷிப்மென்ட் நெருங்கினாலே லைன் சூப்பர்வைசருக்கும் க்யூ.சி.க்கும் (தரம் பார்ப்பவர்) வாய்ச்சண்டை. இப்போது 1,000 பீஸ் லாட், மேஜருக்கு (பெரிய குறை) ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை வரம்பு) 2.5, மைனருக்கு (சிறிய குறை) 4.0. 80 பீஸ் பார்த்ததில் 7 டிஃபெக்ட். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று சொல்லி முடிக்கலாமா?

ஓவர்லாக்:
எண்ணில் சமரசம் கூடாதுங்க. 80 பீஸ் சாம்பிளுக்கு மேஜர் 5 வரை பாஸ், 6 வந்தால் லாட் ரிஜெக்ட். ஏ.க்யூ.எல். அட்டவணையில் இருப்பதை இரண்டு பேர் பேசி மாற்ற முடியாது. விட்டால் பையர் இன்ஸ்பெக்ஷனில் அதே லாட் மாட்டும்.

மேலாண்மை ஆய்வாளர்கள் தாமஸும் கில்மனும் 1974இல் வெளியிட்ட வினாத்தாளில் மோதலைக் கையாள ஐந்து வழிகள் உண்டு: விடாப்பிடியாக நிற்பது, சேர்ந்து தீர்வு தேடுவது, ஆளுக்குப் பாதி விடுவது, ஒதுங்குவது, இணங்கிப்போவது. இதில் எதுவும் தன்னளவில் கெட்டதல்ல. பாஸ் எண்ணில் க்யூ.சி. விடாப்பிடியாக நிற்கட்டும். ஆல்டர் வேலையை (குறையைச் சரிசெய்வது) யார், எந்த மிஷினில், எத்தனை மணிக்குள் முடிப்பது என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். லாட் முழுவதையும் செக் பண்ணிய பிறகு புதிதாக 80 பீஸ் எடுங்கள். முன்பு பார்த்த பீஸையே திரும்ப எடுத்தால் அது சாம்பிளே அல்ல.

கட்டிங் டேபிள்:
ஒரு நிமிஷம். அந்த 7இல் மேஜர் எத்தனை? 4 மேஜர், 3 மைனர் என்றால் லாட் பாஸ். மைனருக்கு 7 வரை இடமுண்டு. சண்டை பெரும்பாலும் எண்ணிக்கையில் இல்லை, வகை பிரிப்பதில்தான். நூல் பிசிறு மைனர், தையல் விட்டது மேஜர் என்று பி.பி. மீட்டிங்கிலேயே (உற்பத்திக்கு முந்தைய கூட்டம்) போட்டோவுடன் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, செக்கிங் டேபிளுக்கு மேலே ஒட்டுங்கள். கட்டிங்குக்கு முன் செய்தால் அரை மணி நேர வேலை. ஷிப்மென்ட் அன்று பேச ஆரம்பித்தால் குரல்தான் உயரும்.

ஃப்ளோர் இன்சார்ஜ்:
பிரித்துப் பார்த்தேன், 6 மேஜர். டெய்லர்கள் முன்னாலேயே கத்திக்கொள்கிறார்கள், அதற்கு?

ஓவர்லாக்:
அப்படியானால் ரிஜெக்ட்தான், பேச்சே இல்லை. கத்தல் நடக்கும்போது மட்டும் ஒதுங்குவது சரி. ஆனால் "அப்புறம் பார்ப்போம்" என்று போகாதீர்கள். "நாலரைக்கு ஆபீஸ் ரூமில், பீஸோடு வாங்க" என்று நேரம் சொல்லுங்கள். நேரம் சொல்லாமல் ஒதுங்கினால், அடுத்த லாட்டிலும் இதே சண்டை.

கட்டிங் டேபிள்:
புது செக்கர்களைக் கவனியுங்கள். சீனியர் சூப்பர்வைசருக்கு இணங்கி ஒருமுறை பாஸ் போட்டால், அடுத்த முறை "போன தடவை விட்டீங்களே" என்பார். சூப்பர்வைசரின் தினசரி டார்கெட்டில் செக்கிங் பாஸ் ஆன பீஸை மட்டும் எண்ணுங்கள். தைத்த பீஸெல்லாம் கணக்கில் ஏறும்வரை அவருக்கு க்யூ.சி. எதிரிதான்.