பொருள்: மறு: வளர்ச்சிக் காரணியா, வளர்ச்சித் தூண்டியா?

அனைவருக்கும் வணக்கம். செல்களின் வளர்ச்சியை ஆளும் ‘growth factor’ என்னும் புரதங்களுக்குத் தமிழில் எந்தச் சொல் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தூண்டி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. தூண்டிவிடுவதுதானே அதன் வேலை?

அது மட்டும்தான் வேலை என்றால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் நாம் எழுதப்போவது மயிர்க்காலைப் பற்றி. அங்கேதான் இந்தச் சொல் இடறுகிறது.

தலைமுடி 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் மயிர்க்காலின் கீழ்ப்பகுதி சுருங்கி மேலேறிவிடும். அப்புறம் ஏறக்குறைய 3 மாதம் ஓய்வு. வளரும் காலத்தை நீட்டிப்பதில் இவ்வகைப் புரதங்களில் ஒன்றான ஐஜிஎஃப்-1-க்குப் பங்கு உண்டு. அதே வகையைச் சேர்ந்த எஃப்ஜிஎஃப்-5 செய்வதோ நேர்மாறு: வளர்ந்தது போதும் என்று நிறுத்தி, மயிர்க்காலைச் சுருங்க வைக்கிறது. அதன் மரபணு பழுதானால் பூனைக்கும் நாய்க்கும் முடி நீண்டு தொங்கும். மனிதர்களில் சில குடும்பங்களில் இமைமயிர் வழக்கத்தைவிட நீளமாக வளர்வதற்கும் இதுவே காரணம். இதைப் போய் ‘வளர்ச்சியை நிறுத்தும் வளர்ச்சித் தூண்டி’ என்று எழுதினால், படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

‘காரணி’ பாடநூல்களில் ஊறிய சொல், தப்பில்லை. ஆனால் 12-இன் காரணிகள், ஆபத்துக் காரணிகள் என்று எல்லா இடத்திலும் அது இருக்கிறது. ஒரு செல் வெளியிட, இன்னொரு செல்லின் ஏற்பியில் போய் ஒட்டி, ‘இதைச் செய்’ என்று சொல்லும் புரதம் அதில் கண்முன் வரவில்லை.

அதனால் நான் முன்வைப்பது வளர்ச்சியேவி. வளர்ச்சி பற்றி ஏவுவது. இலக்கணத்தில் ‘வளர்’ என்பதும் ஏவல்தான், ‘நில்’ என்பதும் ஏவல்தான். இரண்டு வேலைக்கும் சொல் இடம் கொடுக்கிறது. ஏவல் என்றால் சூனியம் நினைவுக்கு வரும் என்பீர்கள். ‘ஏவி’ என்று முடியும்போது அந்த வாடை போய்விடுகிறது, சொல்லிப் பாருங்கள்.

இந்தப் புரதங்கள் மயிர்க்காலை ஒழுங்காற்றுவதற்குச் (regulation) ‘சீராக்கம்’ வேண்டாம்; எல்லாம் ஒரே சீராக நடப்பதுபோல் தோன்றும். நம் தலையில் அடுத்தடுத்த மயிர்க்கால்கள்கூட ஒரே பருவத்தில் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் கணக்கில் போகிறது. ‘நெறிப்படுத்தல்’ போதும்.

இன்னொன்று, மயிர் என்று எழுதக் கூச்சப்பட்டு ‘ரோம நுண்ணறை’ ஆக்கிவிடாதீர்கள். மயிர்க்கூச்செறிந்தது என்று தயங்காமல் எழுதுகிறோம். நுண்ணறை நுரையீரலுக்கு இருக்கட்டும்.

சுருங்கும் கட்டத்துக்கு நான் முதலில் ‘ஒடுங்குபருவம்’ என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று இங்கே வந்த ‘தேய்பருவம்’ அதைவிட நன்று. வளர்பிறை, தேய்பிறை என்று பழகிய காதுக்கு, தேய்ந்தது மறுபடி வளரும் என்பது சொல்லாமலே புரிகிறது.

கோர்த்துப் பார்த்தேன்: ‘எஃப்ஜிஎஃப்-5 என்னும் வளர்ச்சியேவி மயிர்க்காலை வளர்பருவத்திலிருந்து தேய்பருவத்துக்குத் திருப்புகிறது.’ வாய்விட்டுப் படித்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.