முதல் தலைமுறை மியாட்டா: ஆர் பேக்கேஜின் சஸ்பென்ஷனுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

வளைவுப்பாதை:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் விற்ற மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில், அதாவது முகப்பு விளக்குகள் எழும்பி மடங்கும் அந்தப் பழைய வடிவத்தில், ஒன்றை இந்தக் கோடைக்குள் வாங்கிவிடத் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று வண்டிகள் எட்டும் தூரத்தில் உள்ளன. முதலாவது 1992ஆம் ஆண்டு மாடல், 1.6 லிட்டர் எஞ்சின், பி பேக்கேஜ், எனவே பவர் ஸ்டீயரிங், பவர் ஜன்னல், குரூஸ் கன்ட்ரோல் எல்லாம் உண்டு. இரண்டாவது 1994 ஆர் பேக்கேஜ், அதாவது வேகமாக ஓட்டுவதற்கான தொழிற்சாலைத் தொகுப்பு: 1.8 லிட்டர் எஞ்சின், பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர், கடினமான ஸ்பிரிங், முன்னும் பின்னும் சிறு ஸ்பாய்லர், ஆனால் பவர் ஸ்டீயரிங் கிடையாது. மூன்றாவது 1995 எம் எடிஷன் என்ற சிறப்புப் பதிப்பு. மெர்லோ நிறம், இளம்பழுப்புத் தோல் இருக்கை, மரத்தாலான கியர் குமிழ், 15 அங்குல பிபிஎஸ் சக்கரங்கள்.

வார இறுதிகளில் வட கரோலினா, டென்னசி மலைச்சாலைகளில், குறிப்பாக 11 மைலில் 318 வளைவுகள் உள்ள 129ஆம் எண் நெடுஞ்சாலைப் பகுதியில் ஓட்டுவதே நோக்கம். ஆண்டுக்கு ஓரிரு முறை டிராக்கிலும் இறங்குவேன். பக்கத்து இருக்கையில் வரப்போகும் என் மனைவிக்கு முதுகுவலி உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆர் பேக்கேஜ் வண்டிக்கு மற்ற இரண்டையும்விடக் கணிசமாக அதிக விலை கேட்கிறார்கள். அந்த சஸ்பென்ஷனுக்கு அவ்வளவு கொடுப்பது நியாயமா?

திருப்புளி:

நீங்கள் கேட்டிருப்பது சஸ்பென்ஷனைப் பற்றி. ஆனால் விலையைத் தீர்மானிக்க வேண்டியது அதுவல்ல என்பது என் கருத்து. இந்தக் கார்கள் எல்லாவற்றிலும், எந்த பேக்கேஜாக இருந்தாலும், நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கைகள் தாங்கும்) அமைப்புதான். கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் பல்சக்கரத் தொகுதி) இணைக்கும் அந்த நீண்ட அலுமினியச் சட்டமும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆர் பேக்கேஜில் மாறியவை ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சற்றுத் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஆகியவை. இவை அனைத்தும் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. முப்பது ஆண்டு ஓடிய பில்ஸ்டீன், பெயரளவில் பில்ஸ்டீனாக இருக்கலாம். உள்ளே வாயு அழுத்தம் குறைந்து, சீல் கசிந்து போயிருந்தால் புதிதாக வாங்கிய சாதாரண ஷாக் அப்சார்பரே அதைவிட நன்றாக வேலை செய்யும்.

எளிதில் மாற்ற முடியாதவற்றைத்தான் பார்த்து வாங்க வேண்டும். 1994இல் எஞ்சின் 1.8 லிட்டராகி 128 குதிரைத்திறனை எட்டியபோது, அதோடு பெரிய பிரேக் டிஸ்க்குகளும், வலுவான டிஃபரென்ஷியலும், உடற்கூட்டை இறுக்கும் கூடுதல் பிரேஸ்களும் வந்தன. 1.6இல் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிஃபரென்ஷியல்) இருந்தால் அது விஸ்கஸ், அதாவது கெட்டியான திரவத்தால் இயங்கும் வகை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதன் பிடிப்பு பெரும்பாலும் தளர்ந்திருக்கும். 1994 முதல் டார்சன் என்ற பல்சக்கர வகை வந்தது. ஆர் பேக்கேஜில் அது சேர்ந்தே வரும். எம் எடிஷனிலும் மேனுவல் கியர் வண்டியென்றால் உண்டு. ஆகவே டிராக்குக்கு என்று பார்த்தால் உங்கள் பட்டியலில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள உண்மையான தூரம் விளம்பரம் சொல்வதைவிடச் சிறியது.

விற்பவர் சொல்லை நம்பாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி: பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் திரும்பினால் அது சாதாரண டிஃபரென்ஷியல்.

1992 வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. 1.6 எஞ்சின் சுழலும் உற்சாகம் தனி. 1991 நடுப்பகுதிக்கு முன் வந்த எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் முனை குட்டையாக இருந்ததால் புல்லி தளர்ந்து சாவித்தடம் (புல்லியைப் பிடித்து வைக்கும் காடி) தேயும் குறை உண்டு. உங்களுடையது அதற்குப் பிந்தையது. ஆயினும் புல்லியின் முகத்தில் நான்கு துளைகளா, எட்டா என்று குனிந்து எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால் யாரோ பழைய எஞ்சினை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

கைச்சுக்கான்:

திருப்புளி ஒன்றை விட்டுவிட்டார். ஆர் பேக்கேஜின் உண்மையான அடையாளம் ஷாக் அப்சார்பர் அல்ல, ஸ்டீயரிங்தான். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ரேக்கின், அதாவது சுக்கானின் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டத்தின், விகிதம் 15:1. மேனுவல் ரேக்கில் 18:1. எண்களைப் பார்த்தால் மேனுவல் மந்தமானது என்று தோன்றும். ஆனால் வளைவில் முன் டயர் பிடியை இழக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் சுக்கானின் கனம் கையில் இலேசாவதை அது சொல்வதுபோல் பவர் ரேக் சொல்வதில்லை. பவர் ரேக்கிலிருந்து பம்பையும் பெல்ட்டையும் கழற்றி எறிந்துவிட்டு "மேனுவல் ஆக்கிவிட்டேன்" என்பவர்கள் உண்டு. அந்த விரைவான விகிதமும் உள்ளே இருக்கும் சீலின் உராய்வும் சேர்ந்து, வண்டியை நிறுத்துமிடத்தில் தோளைக் கழற்றிவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

முதுகுவலி பற்றிச் சொன்னதால்: ஆர் பேக்கேஜின் ஸ்பிரிங் அப்படியொன்றும் கொடுமையானதல்ல. முதுகைக் குத்துவது பெரும்பாலும் ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடுப்பு. இந்தத் தலைமுறையில் சக்கரம் மேலே எழும் இடைவெளியே குறைவு; வண்டியைத் தாழ்த்திவிட்டால் சிறு பள்ளத்துக்கும் ஷாக் அப்சார்பர் போய் ரப்பரில் முட்டும். மலிவான தாழ்வு ஸ்பிரிங் போட்ட சாதாரண வண்டியைவிட, தொழிற்சாலை உயரத்தில் நிற்கும் ஆர் பேக்கேஜ் உங்கள் மனைவிக்கு இதமாகவே இருக்கும்.

மழைக்கால்:

இருவரும் இயந்திரத்தைப் பேசிவிட்டீர்கள். நான் துருவைப் பேசுகிறேன். துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே வடிய வேண்டும். அவை இலைத்தூளால் அடைபட்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். பின் சக்கர வளைவுக்கு முன்னால், கதவின் கீழ்மூலைக்கு அருகே விரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் அதைச் சரிசெய்ய வெட்டி வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வளைவுப்பாதை:

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை மூன்றையும் பார்த்தேன். 1992இல் எட்டுத் துளைகள் இருந்தன. வண்டி சுத்தம், ஆனால் டிராக்குக்குப் போனால் பிரேக்கும் டிஃபரென்ஷியலும் பின்னாளில் செலவு வைக்கும் என்று விட்டுவிட்டேன். எம் எடிஷன் கண்ணைப் பறித்தது. ஆனால் முதல் பிரேக்கைப் பிடித்தபோது வலப்பக்கக் கதவுக்குக் கீழே குடத்தில் நீர் தளும்புவதுபோல் ஓர் ஒலி கேட்டது. இறங்கிப் பார்த்தால் மழைக்கால் சொன்ன இடத்திலேயே நாணய அளவில் இரண்டு கொப்புளங்கள்.

ஆர் பேக்கேஜில் வேடிக்கை என்னவென்றால், ஆர் பேக்கேஜ் சஸ்பென்ஷனே அதில் இல்லை. பில்ஸ்டீனைக் கழற்றிவிட்டு மலிவு ஷாக் அப்சார்பரும் தாழ்வு ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறார்கள். பின்புறம் ஒன்றில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தது. ஆனால் டார்சன் சோதனையில் இரு சக்கரங்களும் ஒரே திசையில் திரும்பின. மேனுவல் ரேக் அசலானது. சட்டத்தில் துரு இல்லை. கைச்சுக்கான் சொன்ன அந்த இலேசாகும் உணர்வை மூன்றாவது வளைவில் நானே உணர்ந்தேன். அசல் சஸ்பென்ஷன் இல்லாததைக் காட்டி விலையைப் பேச, அவர் எம் எடிஷனின் விலைக்கே இறங்கி வந்தார். முன்பணம் கொடுத்துவிட்டேன். இனி எதைப் போடுவது?

திருப்புளி:

வாழ்த்துகள். தாழ்வு ஸ்பிரிங்கை முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் பயன்பாட்டுக்கு, இறுக்கத்தைத் திருப்பி மாற்றக்கூடிய கோனி நிறுவனத்தின் மஞ்சள் ஷாக் அப்சார்பரும், தொழிற்சாலை உயரத்திலிருந்து அதிகம் இறங்காத ஸ்பிரிங்கும் போதும். ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட்டை அடுத்த தலைமுறை மியாட்டாவிலிருந்து எடுத்துப் போடுங்கள். அது சக்கரம் எழும் இடைவெளியைக் கூட்டும். கீழ்க் கைகளில் கேம்பரையும் காஸ்டரையும் (சக்கரமும் அதன் திரும்பு அச்சும் சாயும் கோணங்கள்) சரிசெய்யும் மையம் விலகிய போல்ட்கள் துருவால் இறுகியிருக்கக்கூடும் என்பதால், ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். அலைன்மென்ட் அதற்குப் பிறகு. அதைச் செய்யும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடான மூட்டைகளை வைக்கச் சொல்லுங்கள்.