கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்றாவது வேர் இருக்கிறதா?

கேள்வி:
வணக்கம். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்து வருகிறேன். முன்வேரில் இரண்டு, பின்வேரில் ஒன்று என மூன்று கால்வாய்களையும் நீளம் அளந்து, சோடியம் ஹைபோகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடி இரண்டு வாரங்கள் ஆகியும், பல்லைத் தட்டினால் நோயாளிக்கு வலிக்கிறது. எக்ஸ்ரேயில் பின்வேரின் ஓரக்கோடு இரட்டையாகத் தெரிகிறது. உள்ளே வைத்த ஃபைலும் (கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவி) வேரின் நடுவில் நில்லாமல் ஒதுங்கியிருக்கிறது. எதையேனும் விட்டுவிட்டேனா?

பதில் 1:
டாக்டர், இரண்டு அடையாளங்களும் நாக்குப் பக்கத்தில் ஒரு கூடுதல் வேர் இருப்பதையே காட்டுகின்றன. 1844இல் பல் மருத்துவர் கரபெல்லி விவரித்த ரேடிக்ஸ் என்டோமோலாரிஸ் இதுதான். கிழக்காசியர்களிடம் பரவலாகவும் நம்மவர்களிடம் அரிதாகவும் காணப்படுவதால், அதைத் தேட வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. நேராக எடுத்த படத்தில் அது பின்வேரோடு ஒன்றிப் படிந்து மறைந்துவிடும். எக்ஸ்ரே குழாயை முன்பக்கத்துக்கு 25 முதல் 30 பாகை வரை நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால், நாக்குப் பக்க வேர் குழாய் சென்ற திசையிலேயே விலகித் தனியாகத் தெரியும். பல்லை முக்கோணமாகத் திறந்திருந்தால், பின்புற நாக்குப் பக்க மூலையை விரித்து நாற்கோணமாக்குங்கள். பற்கூழ் அறையின் (பல்லின் உட்குழியின்) தரையில் ஓடும் கருங்கோட்டைப் பின்தொடர்ந்தால், அது கால்வாயின் வாயில் கொண்டுபோய் விடும்.

பதில் 2:
கால்வாயின் வாயைக் கண்டதும் அவசரப்பட வேண்டாம். இந்த வேர் பெரும்பாலும் கன்னப் பக்கமாக வளைந்திருக்கும். படத்தில் அந்த வளைவு நம்மை நோக்கியே அமைவதால், வேர் நேராக இருப்பதுபோல் ஏமாற்றும். அப்படி நம்பி, மோட்டாரில் சுழலும் ஃபைலை இறக்கி, அதை உள்ளேயே முறித்துக்கொண்டவன் நான். கால்வாயின் மேற்பகுதியை முதலில் அகலப்படுத்திவிட்டு, நுனியை வளைத்த 8 அல்லது 10ஆம் எண் மெல்லிய கை ஃபைலால் வழி காணுங்கள். சாய்த்து எடுத்த படத்திலும் ஐயம் தீராவிட்டால் மட்டும் அந்தப் பகுதிக்குச் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுக்கலாம். எடுத்த எடுப்பிலேயே ஸ்கேனுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சாய்த்து எடுத்த படத்தில் வேர் தனியாகத் தெரிந்தது. கால்வாயின் வாய், நான் நினைத்ததைவிட மிகவும் நாக்குப் பக்கமாக, ஒரு சிறு பல்திசு விளிம்பின் அடியில் மறைந்திருந்தது. 10ஆம் எண் ஃபைலை வெளியே எடுத்தபோது அதன் நுனி கன்னப் பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தது. நான்கு கால்வாய்களிலும் மருந்து வைத்து மூடியிருக்கிறேன். வலி அடங்கிய பிறகே குட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைப்பேன்.