ஹூஸ்டனில் இருக்கும் அண்ணன் மறுபடியும் துப்பாக்கி பிரேஸ் வாங்கலாமா?

உட்லண்ட்ஸ் தம்பி:
வணக்கம். என் அண்ணன் 19 வருஷமாக ஹூஸ்டனில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். 2019-இல் பக்கவாதம் வந்து வலது கையில் பாதி பலம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. 2021-இல் 10.5 அங்குலக் குழல் உள்ள ஏஆர் பிஸ்டல் (ரைஃபிள் வடிவக் கைத்துப்பாக்கி) ஒன்று வாங்கினார். பின்னால் பிரேஸ் என்ற தாங்கியை மாட்டி முன்கையோடு பட்டை போட்டுக் கட்டிக்கொண்டால் ஒரு கையாலேயே சுடலாம்.

2023 தொடக்கத்தில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப் புது விதி போட்டது. பிரேஸ் மாட்டிய பிஸ்டல்களில் பெரும்பாலானவை இனி குட்டை ரைஃபிள், மே 31-க்குள் பதிவு செய், இல்லையென்றால் கழற்று, அழி, ஒப்படை என்றார்கள். அண்ணி பயந்து அழுதார். அண்ணன் பிரேஸை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். இப்போது அந்த விதியே இல்லை என்கிறார்கள். மறுபடியும் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார். எனக்குத் தெரிந்த துப்பாக்கி சிங்கப்பூர் என்எஸ்ஸில் (கட்டாயப் படைச் சேவையில்) பிடித்த எஸ்ஏஆர் 21 ரைஃபிள் மட்டும்தான்! ஜூனில் அங்கே போகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் ரவி:
கோர்ட்டு ரத்து செய்துவிட்டது தம்பி. வாங்கி மாட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

செங்காங் மாமா:
ரவி, அவ்வளவு சுலபமில்லை. நான் ஆஸ்டினில் ஒன்பது வருஷம் எச்-1பி விசாவில் வேலை பார்த்தவன். அந்த விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இதை அறியாத நம் பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் என் அலுவலக நண்பர்கள் பாதிப்பேரிடம் இருந்தது, அதனால் இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதலில் பம்ப் ஸ்டாக், அதாவது துப்பாக்கியை மளமளவென்று தொடர்ந்து சுட வைக்கும் பின்கட்டை. 2017 லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பிறகு ஏடிஎஃப் அதை இயந்திரத் துப்பாக்கி வகையில் சேர்த்தது. 2019 மார்ச்சில் தடை அமலுக்கு வந்தது. என் நண்பன் தன்னுடையதை ரம்பத்தால் அறுத்தான், இழப்பீடு ஒரு காசு கிடையாது. அதே ஊர்க்காரர் மைக்கேல் கார்கில் இரண்டை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏடிஎஃப் தன் அதிகாரத்தைத் தாண்டிவிட்டது என்றது. நண்பனுக்கு அறுத்தது அறுத்ததுதான். கலிபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி அது இன்றைக்கும் குற்றம்.

உங்கள் அண்ணன் விஷயம் அதே மாதத்தில் நடந்தது. ஃபோர்ட் வொர்த் கூட்டரசு நீதிமன்றம் பிரேஸ் விதியை ரத்து செய்தது. போனது விதி, சட்டம் போகவில்லை. 1934-ஆம் ஆண்டுக் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டம் அப்படியே இருக்கிறது: தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் பதிவு கட்டாயம். பிரேஸுக்குப் பதிலாக யாராவது தோளில் ஊன்றிச் சுடும் தோள்கட்டை ஒன்றை மலிவாக விற்று, அண்ணன் அதை மாட்டிவிட்டால், பத்து வருஷம் வரை சிறை. இதுதான் என் பயம்.

பதிவே செய்துவிடலாமே என்பார்கள். 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம், உண்மைதான். ஆனால் படிவம், கைரேகை, புகைப்படம் எல்லாம் கொடுத்து அனுமதி வந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அதற்கப்புறம் வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக முன்கூட்டி ஏடிஎஃப் அனுமதி வேண்டும். நானாக இருந்தால் பதிவுக்குப் போகமாட்டேன். நல்ல பிரேஸ், டெக்சஸ் வழக்கறிஞர் ஒருவரோடு ஒரு மணி நேரம், கைப் பலவீனத்துக்கு மருத்துவர் எழுதிய காகிதம் கோப்பில். முதல் பிரேஸை உருவாக்கியதே உடல் ஊனமுற்ற ஒரு முன்னாள் படைவீரருக்காகத்தான். உங்கள் அண்ணனைப் போன்றவருக்கு அதை மறுத்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பொங்கோல் அக்கா:
தம்பி, ஜூனில் போகிறேன் என்றாயே, அதைக் கேள். அண்ணன் பிள்ளைகள் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைச் சாவிக்கொத்தாகச் செய்து சித்தப்பாவுக்குப் பரிசு தருவார்கள். வாங்காதே. துப்பாக்கியின் உதிரி பாகம் எதுவும் பெட்டியில் வரக்கூடாது. இங்கே சிங்கப்பூரில் பாகங்களும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் கூடாது. சாங்கியில் பெட்டி ஸ்கேனரில் போகும். என்எஸ்ஸில் லைவ் ஃபைரிங் (நிஜத் தோட்டாப் பயிற்சி) முடிந்ததும் தோட்டாவோ வெற்றுக்கூடோ என்னிடம் இல்லை என்று வரிசையில் நின்று உரக்கச் சொன்னதை நினைத்துக்கொள். என் மகன் வீட்டுக்கு வந்தும் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பான்.

உட்லண்ட்ஸ் தம்பி:
அக்கா, சொன்ன மாதிரியே அண்ணன் மகன் இரண்டு சாவிக்கொத்து செய்து வைத்திருக்கிறான்! அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாமா, நேற்று இரவு அண்ணனிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். ஒருவர் அவரிடம் பாதி விலைக்குத் தோள்கட்டை தருகிறேன் என்று போன வாரமே கேட்டிருக்கிறார். அண்ணி உடனே அந்த எண்ணை அழித்துவிட்டார். வழக்கறிஞரிடம் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறார்கள்.