தெரு குரூப்: கதண்டு கொட்டினா செட்ரிசின் போதுமா?

செல்வி அக்கா: மூணாவது வீட்டுத் தென்னையில கதண்டுக் கூடு. தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. அதுக்குள்ள யாரையாவது கொட்டிட்டா அலர்ஜி மாத்திரை செட்ரிசின் போதும்தானே?

பார்மசி குமார்: கொட்டின இடம் மட்டும் வீங்கினா போதும்க்கா, ஐஸ் வைங்க. உடம்பெல்லாம் தடிச்சு, கூடவே இளைப்பு, குரல் கம்மல், வாந்தி, கிறுகிறுப்புன்னு ஏதாவது வந்தா உடனே 108.

செல்வி அக்கா: எல்லாம் உடம்புல சுரக்கிற ஹிஸ்டமின்ங்கிற ரசாயனம் பண்ற வேலைதானே? மாத்திரை அதைத்தானே தடுக்குது?

மீனா டாக்டர்: அதுல ஒரு பங்குதான்க்கா ஹிஸ்டமின். முன்னாடி எப்பவோ கொட்டினப்ப உருவான ஐஜிஇ (அலர்ஜி ஆன்டிபாடி), மாஸ்ட் செல் (அலர்ஜி ரசாயனங்களைச் சேர்த்து வச்சிருக்கிற செல்) மேல ஒட்டிட்டு இருக்கும். மறுபடி விஷம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ ரெண்டைச் சேர்த்துப் பிடிச்சதும் செல் உள்ள இருக்கிறதைக் கொட்டிடும். ஹிஸ்டமினும் டிரிப்டேஸும் உடனே வரும். லியூக்கோட்ரைன், புரோஸ்டாகிளாண்டின்னு வேற ரசாயனங்களும் சில நிமிஷத்துல புதுசா உருவாகும். ரத்தக்குழாய் விரிஞ்சு நீர் வெளியே கசியும், பிரஷர் இறங்கும், மூச்சுக்குழாய் இறுகும்.

மீனா டாக்டர்: செட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும்தான் அடக்கும். அதுக்கே அரை மணிக்கு மேல ஆகும். தடிப்பு மறைஞ்சிடுச்சேன்னு வீட்டுலயே உட்கார்றதுதான் ஆபத்து.

செல்வி அக்கா: கிளினிக்ல அவில் (அலர்ஜி ஊசி), டெக்ஸா (ஸ்டீராய்டு ஊசி) போடுவாங்களே?

மீனா டாக்டர்: அதெல்லாம் அப்புறம். டெக்ஸா வேலை செய்ய மணிக்கணக்காகும். முதல் மருந்து அட்ரினலின். ரத்தக்குழாயைச் சுருக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், மாஸ்ட் செல் மேற்கொண்டு ரசாயனம் கொட்டாமலும் தடுக்கும்.

108 மணி அண்ணன்: அட்ரினலின் ஆம்பூல்ல (ஊசி மருந்துக் குப்பி) 1 மில்லிக்கு 1 மி.கி. அளவு கிலோவுக்கு 0.01 மி.கி. 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லி, பெரியவங்களுக்கு 0.5 மில்லிக்கு மேல வேண்டாம். நடுத்தொடை வெளிப்பக்கம், தசையில. 5 நிமிஷத்துல தேறலைன்னா இன்னொன்னு. இதே அளவை ரத்தக்குழாய்ல ஏத்தினா இதயத்துடிப்பு தாறுமாறாயிடும், அதனால நீங்களா போட்டுடாதீங்க.

108 மணி அண்ணன்: தயவுசெஞ்சு பைக்ல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க 🙏 படுக்க வச்சு காலைத் தூக்கி வைங்க. பிரஷர் இறங்கினவரை சட்டுனு நிமிர்த்தினா இதயத்துக்கு ரத்தம் திரும்பாம இதயமே நின்னு போகலாம். மூச்சு திணறினா மட்டும் காலை நீட்டிச் சாய்ஞ்சு உட்காரலாம்.

பார்மசி குமார்: அட்டெனலால் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க அதை முதல்லயே சொல்லிடுங்க. அட்ரினலின் சரியா வேலை செய்யாம போகலாம், குளுக்ககான்னு வேற ஊசி தேவைப்படலாம்.

செல்வி அக்கா: அலர்ஜியே இல்லாதவங்களுக்குப் பயமில்லையே?

மீனா டாக்டர்: நிறைய கொட்டினா விஷமே நேரா சிறுநீரகத்தைக் கெடுக்கும்க்கா. அலர்ஜி இல்லைன்னாலும் ஆஸ்பத்திரிதான். மூத்திரம் கறுத்தாலோ குறைஞ்சாலோ அன்னிக்கே போகணும், மறுநாள் வரைக்கும் பார்க்கக்கூடாது.