கறுத்துப் போன வெள்ளிச் சாமான்: பற்பசையா, எலுமிச்சையா, சமையல் சோடாவா?

கேள்வி:

வணக்கம். அம்மா பல வருஷமாக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த வெள்ளிச் சாமான்களை என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டு டம்ளர், சில ஸ்பூன்கள், ஒரு சின்னக் கிண்ணம், கொலுசு, முத்து பதித்த மோதிரம் ஒன்று. எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் டம்ளர்கள் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறிக் கிடக்கின்றன. ரப்பர் பேண்ட் இருந்த இடத்தில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

ஒரு டம்ளரின் அடியில் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து பொறித்திருக்கிறது. ஏற்கெனவே மெலிதாகத்தான் தெரிகிறது. அது தேய்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. பற்பசை என்கிறார்கள், எலுமிச்சையும் உப்பும் என்கிறார்கள், அலுமினிய ஃபாயிலும் சமையல் சோடாவும் என்கிறார்கள். எதை நம்பித் தொடங்கலாம்?

பதில் 1:

எங்கள் வீட்டில் எப்போதும் பற்பசைதான். பழைய பிரஷ்ஷில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துக் கழுவினால் பளபளவென்று ஆகிவிடும். செலவும் இல்லை, வெந்நீர் வேலையும் இல்லை.

பதில் 2:

நகைப் பட்டறையில் பல வருஷம் மெருகு வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த எழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பற்பசையைத் தொடாதீர்கள்.

டம்ளரின் மேல் இருப்பது ஒட்டிய அழுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். காற்றில் சிறு அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறியிருக்கின்றன. மெல்லிய படலமாக இருக்கும்போது மஞ்சள், இன்னும் தடிக்கும்போது பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. அந்தக் கறுப்பிலேயே எடைக்கு 87 சதவீதம் வெள்ளிதான். பற்பசை போட்டுத் துணியில் கறுப்பாகத் துடைத்தெடுக்கிறீர்களே, அது உங்கள் டம்ளரின் வெள்ளி. பற்பசையில் சிலிக்கா அல்லது சுண்ணப்பொடி இருக்கும். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வெள்ளி 2.5 முதல் 3 வரைதான், அந்தப் பொடி அதைச் சுரண்டிவிடும். பற்களை வெண்மையாக்கும் பசைகள் இன்னும் கரடானவை. ஒருமுறை தேய்த்தால் பளபளப்புதான் தெரியும். வருஷா வருஷம் தேய்த்தால் பொறித்த எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். பட்டறைக்கு வந்த பழைய கிண்ணங்களில் பூவேலை இருந்த இடத்தைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருந்தது.

எலுமிச்சையும் உப்பும் பித்தளைக்கும் செம்புக்கும் சரி. வெள்ளி சல்பைடை எலுமிச்சை அமிலம் அவ்வளவாகக் கரைக்காது. 925 முத்திரை என்றால் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. அமிலம் அதைத்தான் முதலில் தாக்கும். உப்புநீரில் ஊறப் போடுவதும் வேண்டாம், குளோரைடு வெள்ளியை அரிக்கும். பாத்திரம் வெளுக்கும் ப்ளீச் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் டம்ளர், ஸ்பூன், கிண்ணம் மூன்றுக்கும் ஃபாயில் முறை பொருந்தும். அலுமினியம் வெள்ளியைவிடக் கந்தகத்தின் மேல் ஆசை அதிகம் உள்ள உலோகம். இரண்டும் சோடாக் கரைசலுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால், அலுமினியத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெள்ளிக்குப் போகும். சல்பைடில் சிக்கியிருந்த வெள்ளி மறுபடி உலோகமாகி, கந்தகம் மட்டும் பிரிந்துவிடும். எதையும் சுரண்டவில்லை.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் கரைசல் உள்ளே போகாது. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் ஃபாயிலை விரித்து (எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் ஒன்றுதான்) சாமானை அதன் மேல் படும்படி வையுங்கள். தொடாமல் மிதந்தால் வேலை நடக்காது. பலர் ‘எனக்கு வரவில்லை’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டி சமையல் சோடா. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரைத்துப் பொங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் புது ஃபாயில், புது வெந்நீர். பிறகு நன்றாக அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள்.

முத்து மோதிரத்தை இதில் போடவே கூடாது. முத்து, பவளம், ஓபல், டர்க்காய்ஸ், பசை வைத்து ஒட்டிய கல், எதுவும் வெந்நீர் சோடாவுக்கு ஆகாது. வெள்ளி துடைக்கும் துணியால் வளையத்தை மட்டும் துடையுங்கள். கொலுசைப் போடுமுன் உற்றுப் பாருங்கள். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காக வேண்டுமென்றே ஏற்றியதாக இருந்தால், ஃபாயில் அதையும் சேர்த்து வெளுத்துவிடும். உள்ளே கூடாகச் செய்து அரக்கு அடைத்த சாமான்கள் இருந்தாலும் வெந்நீரில் போடாதீர்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. டம்ளர்களையும் ஸ்பூன்களையும் இன்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். நீலமும் பழுப்பும் கண்ணெதிரே கரைந்தது, வாடையும் வந்தது! எழுத்து முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது, அம்மாவிடம் காட்டினேன், விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொலுசின் பள்ளங்களில் ஒரே சீராகக் கறுப்பு இருப்பதால் அதைத் தொடவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, டம்ளர் சுத்தமாகிவிட்டது, ஆனால் கண்ணாடி மாதிரி மின்னவில்லை, வெளிறிய வெண்மையாக இருக்கிறது. இரண்டு, ரப்பர் பேண்ட் பட்டை பாதிதான் போயிருக்கிறது.

பதில் 2 எழுதியவர்:

கொலுசை விட்டது நல்ல முடிவு. சோப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வைத்தால் போதும்.

வெண்மைக்குக் காரணம், திரும்பி வந்த வெள்ளி மிக நுண்ணிய சொரசொரப்பாகப் படிவதுதான். அதில் வெளிச்சம் சிதறும். அப்படியே விட்டால் சீக்கிரம் மறுபடி கறுக்கவும் செய்யும். மென்மையான பருத்தித் துணியில் மிக நைஸான சுண்ணப்பொடியை, அதாவது சுத்தமான கால்சியம் கார்பனேட்டை, சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, அழுத்தாமல் நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் எல்லாத் திசையிலும் தெரியும். எழுத்து இருக்கும் அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே மின்ன வேண்டிய அவசியம் இல்லை. கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துப் போட வேண்டாம், பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தில் செய்தவை, துகளும் சீராக இருக்காது.

ரப்பர் பட்டைக்கு ஃபாயிலை இன்னும் ஒருமுறை செய்து பாருங்கள். ரப்பரைக் கெட்டியாக்கக் கந்தகம்தான் சேர்க்கிறார்கள். அதனால் அது தொட்ட இடத்தில் படலம் மிகத் தடிப்பாக இருக்கும். அதற்குப் பிறகும் நகம் வைத்துப் பார்த்தால் பள்ளம் தட்டுகிறது என்றால், அங்கே வெள்ளி அரித்துப் போயிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. பள்ளத்தைச் சமப்படுத்த நினைத்தால் சுற்றியுள்ள நல்ல வெள்ளியையும் இழைக்க வேண்டும். எனக்கென்றால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடுவேன்.

பதில் 3:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்னிடம் இருந்த ஒரு தட்டு வெள்ளி என்று நினைத்திருந்தேன், அடியில் ஈ.பி.என்.எஸ். என்ற முத்திரை. அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம். அப்படிப்பட்டதில் ஓரங்களில் மஞ்சளாகவோ சாம்பலாகவோ வேறு உலோகம் எட்டிப் பார்த்தால், தேய்க்கத் தேய்க்க முலாம் இன்னும் போகும். சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேட்டவர்:

எல்லாவற்றிலும் பார்த்தேன், 925 இருக்கிறது. இனி எதில் சுற்றி வைப்பது?

பதில் 2 எழுதியவர்:

செய்தித்தாள், கம்பளித் துணி, ரப்பர் மூன்றும் வேண்டாம். துவைத்துக் காய்ந்த பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, ஜிப் வைத்த பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். பி.வி.சி. பை கூடாது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஈரம்தான் கறுப்பை வேகப்படுத்தும்.

டம்ளர்களை வேண்டுமானால் பையில் போடாமலே அன்றாடம் பயன்படுத்துங்கள். தினமும் சோப்பில் கழுவித் துடைக்கும் வெள்ளியில் படலம் தடிக்க நேரம் கிடைக்காது. முட்டையும் வெங்காயமும் பட்ட ஸ்பூனை மட்டும் சிங்க்கில் போட்டு வைக்காமல் உடனே கழுவிவிடுங்கள். இரண்டிலும் கந்தகம் உண்டு.