எடை குறைந்த பேஸ் கேப் (பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி), குறைந்த விலையில்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்க

நாலுதந்தி:
ஆம்பெக் கம்பெனியோட 8×10 (பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு) மாதிரி 60 கிலோவுக்கு மேல் தூக்க ஆள் இல்லைன்னா 1×12 (பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு) பக்கம் வாங்க. ஆனா வாட்ஸ் எண்ணை நம்பி வாங்காதீங்க, சென்சிடிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் சத்தம்ங்கிறதைக் கேளுங்க. 97 டெசிபல் கேப், 100 டெசிபல் கேப் அளவுக்குச் சத்தம் போடணும்னா இரண்டு மடங்கு பவர் வேணும். பெட்டியில போட்டிருக்கிற 500 வாட்ஸ், வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள்) கருகாம தாங்குற சூட்டுக் கணக்கு. கோன் (ஸ்பீக்கரோட அதிர்ற கூம்பு) எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகலாம்ங்கிறது வேற கணக்கு. பேஸ் கிட்டாரோட கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், 5 தந்தி கிட்டாரோட பி தந்தி 31. அங்கே பல சின்ன கேப்கள் பாதி வாட்ஸுக்கு முன்னாடியே முக்க ஆரம்பிச்சிடும். போர்ட் (காத்துத் துளை) வெச்ச கேப்ல, அந்தத் துளைக்குன்னு அமைச்ச ட்யூனிங் ஹெர்ட்ஸுக்குக் கீழே போனா கோனைப் பிடிச்சு நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது. ஹெட்ல (ஆம்ப்ளிஃபையர்) ஹை-பாஸ் ஃபில்டர் (ரொம்பக் கீழ் ஒலியை வெட்டுறது) இருந்தா 35–40 ஹெர்ட்ஸ்ல வெச்சிடுங்க.

சின்ன பெட்டி, ஆழமான பேஸ், நல்ல சத்தம். மூணுல ரெண்டுதான் கிடைக்கும். மூணும் இருக்குன்னு சொல்ற விளம்பரத்தை அப்படியே தாண்டிப் போயிடுங்க.

மரத்தூள்:
நியோடிமியம் மேக்னட்டால எடை குறையுறது எல்லாருக்கும் தெரியும். பலகையை யாரும் கேக்கிறதில்லை. 60×45×40 செ.மீ. பெட்டிக்கு ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர் பலகை போகும். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) போட்டா வெறும் பெட்டியே 18 கிலோவைத் தாண்டும். 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்னா 11, பாப்லர் ப்ளைவுட்னா 7–8. எம்.டி.எஃப். பெட்டிக்குள்ள நியோ ஸ்பீக்கர் போட்டு விலையை ஏத்துறது சுத்த வீண்.

மெல்லிய பலகைன்னா உள்ளே பிரேஸிங் (தாங்கு கட்டை) கட்டாயம். பெரிய பக்கத்தோட நடுவுல விரலை மடக்கித் தட்டுங்க. டொக்குனு நின்னா சரி. டொம்ம்னு இழுத்தா அந்தப் பலகை தனியாப் பாடும். வாசிக்கும்போது ஒரு சுரம் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும்.

கீழ்ச்சுருதி:
அண்ணா, 4 ஓம் (மின்தடை) கேப் வாங்கினா ஹெட்டோட முழுப் பவரும் வருமே? ஏன் எல்லாரும் 8 ஓம் சொல்றாங்க?

நாலுதந்தி:
வரும் தம்பி, ஆனா பின்னாடி இன்னொரு கேப் சேர்க்கிற வழி அடைஞ்சிடும். பெரும்பாலான கிளாஸ்-டி (எடை குறைஞ்ச வகை) ஹெட் 4 ஓமுக்குக் கீழே இறங்காது. இரண்டு 4 ஓம் கேப் சேர்ந்தா 2 ஓம். ப்ரொடெக்‌ஷன் (ஹெட் தன்னைக் காப்பாத்திக்கிற ஏற்பாடு) விழுந்து நடுவுல நின்னுடும். 8 ஓம் ஒண்ணு வாங்கினா 500 வாட்ஸ் ஹெட் அதுக்கு 250–300 கொடுக்கும், சின்ன மேடைக்குப் போதும். பின்னாடி அதே மாடல்ல இன்னொண்ணு சேர்த்தா 4 ஓம், முழுப் பவர், சத்தம் 5–6 டெசிபல் கூடும். பக்கத்துல பக்கத்துல வைக்காம ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குங்க. மேல் ஸ்பீக்கர் காதுக்கு நேரா வந்தா நீங்க வாசிக்கிறது உங்களுக்கே கேக்கும்.

மரத்தூள்:
செகண்ட் ஹேண்ட்ல பார்க்கிறவங்க மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. 8 ஓம் கேப் 5.5–7 ஓம் காட்டணும். கோனோட இரண்டு பக்கமும் விரல் வெச்சுச் சமமா, மெதுவா அமுக்குங்க. சரசரன்னு உரசினா வாய்ஸ் காயில் சாய்ஞ்சிருக்கு, விட்டுடுங்க. அதிருதுன்னு சொன்னா உடனே ஸ்பீக்கர் மேல பழி போடாதீங்க. கைப்பிடி, கிரில், ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) ஸ்க்ரூ எல்லாத்தையும் இறுக்கிட்டு மறுபடி கேளுங்க.

கிட்டார் கேபிளைக் கேபுக்குப் போடவே கூடாது, உள்கம்பி மெலிசு. ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கான பூட்டுற பிளக்), 1.5 சதுர மி.மீ. கம்பி போதும்.

இரண்டு கேப் சேர்த்ததும் பேஸ் காணாமப் போச்சுன்னா ஒண்ணுல பிளஸ்-மைனஸ் மாறியிருக்கு. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பிளஸுக்குப் பிளஸ் பட்டா இரண்டு கேப்லயும் கோன் வெளியே தள்ளணும்.